பம்பாயின் பரீட்சார்த்தக் குறும்படங்கள்: பார்வையாளர் யார் என்னும் வினா

பரீட்சார்த்தம் என்னும் சொல் நமது கலை விமர்சனத்தில் மிகத் தாராளமாக வழங்கப்பட்டு வருவதொன்றாகும். நாடகம், கவிதை, ஓவியம் ஆகிய துறைகளிலே வழக்கத்துக்கு மாறான எதனையும் ஆய்வின்றிப் போற்றுவதற்கு அச்சொல் பயன்படுகின்றது; விளங்காத ஒன்றை மரியாதையுடன் ஒதுக்கி வைப்பதற்கும் அதே சொல்லே கைகொடுக்கின்றது. இவ்விரு மனப்பான்மைகளும் ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தோன்றினும், அடிப்படையில் ஒரே தவறினையே செய்கின்றன. பரீட்சிக்கப்பட்டது எது, யாருக்காகப் பரீட்சிக்கப்பட்டது, அதனாற் கண்டறியப்பட்டது யாது என்ற வினாக்களை இரண்டுமே எழுப்புவதில்லை. ஒரு விஞ்ஞானி தான் நடத்திய பரிசோதனையின் பெறுபேற்றைக் கூறாது, பரிசோதனை நடத்தினேன் என்பதை மாத்திரம் கூறிக் கைதட்டலை எதிர்பார்ப்பாராயின் நாம் அவரை எவ்வாறு நோக்குவோம்? கலைஞரிடம் மாத்திரம் இவ்வினாவைக் கேட்கத் தயங்குகிறோம்.

குறும்படத்தின் விடயத்தில் இவ்வினா மேலும் கூர்மை பெறுகின்றது. கவிதை எழுதத் தாளும் பேனாவும் போதும். மிகச் சிறிய திரைப்படத்துக்குங்கூடக் கருவியும் படச்சுருளும் இரசாயனக் கூடமும் வேண்டும். அவற்றுக்குப் பணம் வேண்டும். முழுநீளப் படத்தைப் போலச் சீட்டு விற்றுப் பணத்தை மீட்கும் வழி குறும்படத்துக்கு இல்லை. ஆகவே இளங்கலைஞர் ஒருவர் பரீட்சார்த்தக் குறும்படமொன்றை ஆக்கும்போது, செலவை யார் ஏற்றார் என்பதும் படத்தை யார் பார்த்தார் என்பதும் படத்தின் புறத்தே நிற்கும் செய்திகள் அல்ல. அவை படத்தின் உருவத்துக்குள்ளேயே புகுந்து விடுகின்றன. இதனைத் தெளிவாகக் காட்டும் ஓர் உதாரணமாக 1965க்கும் 1976க்கும் இடையில் பம்பாயில் நிகழ்ந்த முயற்சிகளை இங்கு எடுத்துக்கொள்வது பொருத்தமாகும். ஒரே நகரில், ஏறத்தாழ ஒரே பத்தாண்டில், முற்றிலும் மாறுபட்ட இரு புகலிடங்களில் இத்தகைய படங்கள் தோன்றின. ஒன்று அரசாங்கத்தின் பிரசார நிறுவனம். மற்றையது ஓவியர் ஒருவர் தமக்குக் கிடைத்த புலமைப்பரிசிற் பணத்தைக் கொண்டு அமைத்த சிறு பட்டறை. முதலாவதற்கு விரும்பியோ விரும்பாமலோ பார்க்கும் கோடிக்கணக்கான மக்கள் இருந்தனர். இரண்டாவதற்குப் பார்வையாளர் என்று சொல்லத்தக்கவர் எவருமே இலர்.

இந்திய அரசின் திரைப்படப் பிரிவு, 'பிலிம்ஸ் டிவிஷன்' என்ற பெயரில், 1948ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஆங்கிலேயர் போர்ப் பிரசாரத்துக்கென உருவாக்கிய அமைப்புகளின் வழிவந்தது அது. போர்க்காலத்தில் ஏற்பட்ட ஒரு விதி சுதந்திரத்தின் பின்னும் புதுவடிவில் நிலைத்தது: ஒவ்வொரு படமாளிகையும் முழுநீளப் படத்துக்கு முன்னர் அரசு அங்கீகரித்த விவரணப்படம் அல்லது செய்திப்படம் ஒன்றைக் காட்டியே ஆகவேண்டும், அதற்கு வாடகையும் செலுத்தவேண்டும். இந்திய மொழிகள் பலவற்றிலும், தமிழ் உட்பட, விளக்கவுரை சேர்க்கப்பட்டு இப்படங்கள் நாடெங்கும் சென்றன. அணைக்கட்டு, பசளை, அம்மைப்பால், ஐந்தாண்டுத் திட்டம் என்பன பற்றி ஆழ்ந்த குரலில் ஒருவர் உரைத்துக்கொண்டிருக்க, மக்கள் தமது ஆசனங்களைத் தேடிக்கொண்டிருந்தனர். இப்படங்கள் முடியும்வரை வெளியே நின்று தேநீர் அருந்துவதென்பது இந்தியப் படமாளிகைப் பழக்கங்களுள் ஒன்றாகவே ஆயிற்று.

இவ்விடத்தில் நமது நாட்டு நிலையும் நினைவுக்கு வருதல் இயல்பே. இலங்கை அரசாங்கத் திரைப்படப் பிரிவும் அதே 1948இல் தோன்றியதுதான். பிரித்தானிய விவரணப்பட மரபின் செல்வாக்கும் இரண்டிற்கும் பொதுவானது. லெஸ்ரர் ஜேம்ஸ் பீரிஸ் 1952இல் அப்பிரிவிற் சேர்ந்து, சில ஆண்டுகளில் அதைவிட்டு வெளியேறியே 1956இல் 'ரேகாவ'வை உருவாக்கினார். இங்கு புதுமை நாடியவர் அரச நிறுவனத்தை விட்டு வெளியேறினார். பம்பாயிலோ ஒரு குறுகிய காலத்துக்குப் புதுமை நாடியோர் அரச நிறுவனத்துக்குள்ளேயே நுழைந்தனர். இவ்வேறுபாட்டுக்குக் காரணமான நிலைமைகள் கவனத்துக்குரியவை.

1960களின் நடுப்பகுதியில் அந்நிறுவனத்தின் படங்கள் மக்களைச் சலிப்படையச் செய்கின்றன என்பதை அரசே உணரத் தலைப்பட்டிருந்தது. இந்திரா காந்தி 1964 முதல் 1966 வரை தகவல் ஒலிபரப்பு அமைச்சராக இருந்தார். யுனெஸ்கோ நிறுவனத்திற் பணியாற்றி வந்த ஜஹாங்கீர் பவுனகரி 1965இல் ஆலோசகராக அழைக்கப்பெற்றார். மட்பாண்டக் கலைஞரும் மாயவித்தைக்காரருமான இவர் வழக்கமான அரச உத்தியோகத்தருள் ஒருவர் அல்லர் என்பதைக் கூறவேண்டியதில்லை. அவர் அங்கு இருந்த காலம் இரண்டாண்டுகள் அளவே. எனினும் திரைப்படத்தில் முன்பழக்கமற்ற ஓவியர்களையும், நிறுவனத்துக்குள்ளேயே அடங்கிக் கிடந்த இளம் நெறியாளர்களையும் நம்பிப் படச்சுருளை ஒப்படைக்கும் துணிவு அக்காலத்தில் ஏற்பட்டது. அவர் சென்ற பின்னும் சில ஆண்டுகள் அது நீடித்தது.

அவ்விளைஞருள் முதன்மையானவர் பிரமோத் பதி. ஒரிசாவில் 1932இற் பிறந்த இவர் செக்கோஸ்லோவாக்கியா சென்று, பிராக் நகரிற் பொம்மைப்பட மேதையான யிரி திரின்காவிடம் பயின்றவர். இந்தத் தொடர்பு வெறும் வாழ்க்கைக் குறிப்பு அன்று. திரின்காவின் இறுதிப் படமான 'கை' 1965இல் வெளிவந்தது. தன் பூச்செடிக்குச் சட்டி வனைந்துகொண்டிருக்கும் எளிய கலைஞன் ஒருவனை, பிரமாண்டமான ஒரு கை வந்து தன் உருவத்தையே வடிக்குமாறு வற்புறுத்துகின்றது. மறுக்கும் அவனைக் கூண்டிலடைத்து வேலை வாங்குகின்றது. இறுதியில் அவன் இறந்தபோது அக்கையே சகல மரியாதைகளுடனும் இறுதிச் சடங்கு நடத்துகின்றது. திரின்கா 1969இல் மறைந்த பின்னர் அப்படம் அவரது நாட்டில் தடைசெய்யப்பட்டது. ஆசிரியர் இதனை ஆக்கிய அதே காலத்தில் மாணவர் இன்னோர் அரசின் கைக்குள்ளிருந்து படம் ஆக்கிக்கொண்டிருந்தார் என்பதை மனங்கொள்ளாது பதியின் படங்களை மதிப்பிட முடியாது.

பதி மிகுதியாகக் கையாண்ட உத்தி, மனிதரையே பொம்மைகளாக்குவது. நடிகர் ஒருவர் ஒரு நிலையில் அசையாது நிற்க ஒரு சட்டகம் பதிவாகும். சற்று இடம்மாறி நிற்க அடுத்த சட்டகம். செக்கனுக்கு 24 சட்டகங்கள் என்னும் வேகத்தில் ஓட்டும்போது மனிதர் நடவாமலே நகர்வர், காலூன்றாமலே பறப்பர். கனடாவின் நோர்மன் மக்லறன் 1952இல் 'அயலவர்' என்ற படத்தில் இவ்வுத்தியைக் கையாண்டு உலகப் புகழ்பெற்றார். 1950களின் தொடக்கத்தில் அவர் யுனெஸ்கோ சார்பில் இந்தியாவிலும் பணியாற்றியிருந்தார். 'அயலவர்' படத்தில் ஒரு பூவுக்காக இருவர் ஒருவரையொருவர் கொன்றுவிடுகின்றனர். பொம்மை அசைவு அங்கு மனித வெறியின் இயந்திரத்தன்மைக்குக் குறியீடாகின்றது. பதியிடத்தில் அதே உத்தி வேறு வேலையைச் செய்கின்றது. 'ட்ரிப்' (1970) நான்கு நிமிட அளவிலான படம். பம்பாய் நகரின் ஒரு நாள் அதில் விரைந்து கழிகின்றது. நகரவாசிகள் தம் விருப்பின்றி இழுத்துச் செல்லப்படுபவர்போல் நகர்கின்றனர். நகர வாழ்வின் அவசரத்தைப் பற்றி ஒரு சொல்லும் கூறப்படவில்லை, கூறவேண்டிய தேவையுமில்லை. 'ஆபித்' (1972) ஓவியரும் கேலிச்சித்திரக்காரருமான ஆபித் சுர்தியை ஓர் அறைக்குள் வைத்து, அறையும் ஆளும் ஓவியமும் ஒன்றையொன்று விழுங்குவதாகக் காட்டுவது. கலைஞரைப் பற்றிய விவரணப்படம் என்றால், இன்ன ஊரிற் பிறந்தார், இன்ன பரிசு பெற்றார் என்று உரை தொடங்கும் அந்நிறுவனத்தில் இத்தகைய படம் வந்ததே ஒரு கலகம்தான்.

பதியின் மிகப் புகழ்பெற்ற படம் 'எக்ஸ்புளோரர்' (1968). ஏழு நிமிடங்களில் ஆடும் இளைஞர், வழிபாட்டுச் சடங்குகள், கணிப்பொறிகள், ஆய்வுகூடங்கள் என்பன கண்ணைத் தாக்கும் வேகத்தில் மாறிமாறி வருகின்றன. பழைமைக்கும் விஞ்ஞானத்துக்கும் இடையே தத்தளிக்கும் இந்திய இளந்தலைமுறையின் மனநிலையை இது வெளிப்படுத்துகின்றது என்று பாராட்டுவோர் பலர். இக்கட்டுரையாளரால் அப்பாராட்டை முழுமையாக ஏற்க முடியவில்லை. பழைமையையும் புதுமையையும் அடுத்தடுத்து வைத்தல் அவற்றுக்கிடையேயுள்ள முரண்பாட்டை ஆராய்வதாகாது. வேகம் கூடும்போது ஒவ்வொரு படிமமும் மற்றையதற்குச் சமமாகிவிடுகின்றது. பூசைமணியும் கணிப்பொறியும் ஒரே ஆரவாரத்தின் இரு துணுக்குகளாகின்றன. அன்றைய படமாளிகையில் தேநீர்க் குவளையுடன் திரும்பி வந்த ஒருவரை அது திடுக்கிடச் செய்திருக்கும் என்பதில் ஐயமில்லை. அந்தத் திடுக்கீட்டின் பின் அவர் எதைக் கண்டார் என்பதே வினா. 'ட்ரிப்' படத்திற்கு இவ்வினாவுக்கு விடை உண்டு, 'எக்ஸ்புளோர'ருக்கு இல்லை. நாற்பத்திரண்டு, நாற்பத்துமூன்று வயதளவில், 1975இல் பதி காலமானது இந்தியக் குறும்படத்துக்கு ஏற்பட்ட பேரிழப்பு என்பதை இம்மதிப்பீடு எவ்வகையிலும் குறைக்காது.

நிறுவனத்துக்குள் அழைக்கப்பெற்ற ஓவியர்களைப் பொறுத்தவரை ஒரு விளக்கம் அவசியம். எம். எப். ஹுசைன், தயேப் மேத்தா ஆகியோர் வயதால் இளைஞரல்லர். ஓவிய உலகில் நிலைபெற்றிருந்தவர்கள். ஆனாற் சினிமாவுக்கு அவர்கள் கன்னி முயற்சியாளரே. ஹுசைனின் 'ஓர் ஓவியனின் கண்களூடாக' (1967) ராஜஸ்தானத்தில் எடுக்கப்பட்டது. குடை, லாந்தர், சப்பாத்து என்பன பாலைநிலக் காட்சிகளிடையே எதிர்பாராத இடங்களில் வந்து நிற்கின்றன. இவற்றின் பொருளை எடுத்துரைத்துச் செல்லும் விளக்கவுரை இல்லை. விஜய ராகவ ராவின் இசை உண்டு. அதே ஆண்டு பேர்லின் திரைப்பட விழாவிற் குறும்படங்களுக்கான தங்கக் கரடிப் பரிசினை அது பெற்றது. அழகிய படம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் ராஜஸ்தானத்து மக்கள் அதில் வண்ணமாகவும் வடிவமாகவுமே இருக்கின்றனர். ஓவியனின் கண் அவர்களைப் பார்க்கின்றது, அவர்கள் திரும்பிப் பார்க்கும் கணங்கள் அரிதாகவே உள்ளன.

மேத்தாவின் படம் நம்மைச் சற்று நின்று நோக்கச் செய்வது. அதன் தலைப்பே தமிழ்ச் சொல். 'கூடல்' (1970) என்று அதற்குப் பெயர். குஜராத்தைச் சேர்ந்த, பம்பாயில் வளர்ந்த ஓவியர் ஒருவர் தம் ஒரே படத்துக்குத் தமிழ்ச் சொல்லொன்றைத் தேர்ந்தமை நம்மிற் பலர் அறியாத செய்தி. புணர்ச்சி, ஒன்றுசேர்தல், மக்கள் திரளும் இடம், மதுரை மாநகர் எனப் பல பொருள்கள் நமக்கு இச்சொல்லில் தொனிக்கும். மேத்தா சந்திப்பு, சேர்க்கை என்ற பொருளிலேயே இதனைக் கொண்டார். ஆனால் படத்திற் கூடுவன எவை? பம்பாயின் சனத்திரளும் பாந்திரா கொல்களத்துக்குக் கொண்டுவரப்படும் காளையும். வலிமையின் வடிவமான விலங்கு கால்கள் கட்டப்பட்டு வீழ்த்தப்படும் காட்சி மேத்தாவின் ஓவியங்களிலும் வாழ்நாள் முழுவதும் தொடர்ந்து வந்த ஒன்று. 1947இல், பிரிவினைக் கலவரத்தின்போது, பம்பாயின் முகமதலி வீதியில் இளைஞன் ஒருவன் கும்பலால் அடித்துக் கொல்லப்பட்டதைத் தம் வீட்டிலிருந்து கண்டவர் அவர். மனிதர் கூடும் இடமே மனிதர் கொல்லப்படும் இடமுமாகலாம் என்பதை அறிந்த ஒருவர் 'கூடல்' எனப் பெயரிடும்போது, அகத்திணை தந்த இனிமை அச்சொல்லிலிருந்து உதிர்ந்துவிடுகின்றது. 1983இன் பின்னர் வாழும் நமக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. பதினாறு நிமிட அளவிலான இப்படத்திற் படத்தொகுப்பு மிக இறுக்கமானது. 'எக்ஸ்புளோர'ரிற் போலவே இங்கும் படிமங்கள் மோதுகின்றன. ஆனால் இங்கு ஒரு படிமம் மற்றையதைத் தீர்ப்பிடுகின்றது. கூட்டத்தைக் கண்ட பின் காளையையும், காளையைக் கண்ட பின் மீண்டும் கூட்டத்தையும் நாம் முன்போற் காண முடிவதில்லை.

உத்தி தன்னளவில் எந்த அரசியலையும் உடையதன்று என்பதற்கு அந்நிறுவனத்தோடு தொடர்புடைய இன்னொரு வரலாறு சான்றாகும். எஸ். என். எஸ். சாஸ்திரி 1967இல் ஆக்கிய 'எனக்கு வயது 20', இந்தியா விடுதலை பெற்ற 1947 ஆகஸ்ட் 15இற் பிறந்த இளைஞர்களிடம் நாட்டைப்பற்றி என்ன நினைக்கிறீர்கள் எனக் கேட்டு, அவர்கள் கூறிய வெளிப்படையான, பல சமயம் அரசுக்கு உவப்பற்ற விடைகளை அப்படியே தொகுத்தது. எஸ். சுக்தேவின் 'இந்தியா 67' விளக்கவுரையைக் கைவிட்டு, நாட்டின் செல்வத்தையும் வறுமையையும் அருகருகே வைத்தது. இவையெல்லாம் புதிய நம்பிக்கையை அளித்தன. ஆனால் 1975 ஜூனில் அவசரநிலை பிரகடனமானதும் அதே சுக்தேவ், அதே திறமைகளுடன், 'தண்டர் ஒவ் பிரீடம்' (1976) என்ற படத்தில் அவசரநிலையின் நன்மைகளை எடுத்துரைத்தார். கத்தரியும் ஒட்டுபசையும் முன்னர் எந்த விதமாக இயங்கினவோ அந்த விதமாகவே இயங்கின. அரசின் இல்லத்துள் இருந்து பரீட்சார்த்தம் செய்வோருக்கு அவ்வில்லத்தின் கதவு எப்போது மூடப்படும் என்பது தெரிந்திருக்க வேண்டும். திரின்காவின் கலைஞனுக்கு அது தெரிந்திருந்தது.

இனி இரண்டாவது புகலிடம். ஓவியர் அக்பர் பதம்சி 1969இல் தமக்குக் கிடைத்த ஜவாஹர்லால் நேரு புலமைப்பரிசைக் கொண்டு பம்பாயில் 'விஷன் எக்ஸ்சேஞ் வேர்க்‌ஷொப்' என்ற கூட்டுப் பட்டறையை அமைத்தார். ஓவியரும் திரைப்படக்காரரும் ஒளிப்படக்காரரும் ஒரே கருவிகளைப் பகிர்ந்து, ஒருவர் துறையில் மற்றவர் கைவைத்துப் பார்க்கும் இடமாக 1972 வரை அது விளங்கியது. இங்கு அமைச்சின் அங்கீகாரம் தேவையில்லை. வாடகை தரும் படமாளிகையுமில்லை.

பதம்சியின் சொந்தப் படமான 'சிசிஜி' கறுப்பு வெள்ளையில், ஒலியின்றி அமைந்தது. வானத்துக் கோள்கள் ஒரே நேர்கோட்டில் வருதலைக் குறிக்கும் பெயர் அது. நூற்றுக்கணக்கான சித்திரங்களில், புள்ளிகளும் கோடுகளும் எண்களின் ஒழுங்குக்கேற்ப வளர்ந்து, கோணங்களாகி, மறுபடி கலைகின்றன. இதற்கு அசைவூட்டியவர் ராம் மோகன் என்பது ஆர்வத்தைத் தூண்டும் செய்தி. வோல்ற் டிஸ்னி நிறுவனத்திற் பணியாற்றிய கிளேயர் வீக்ஸ் 1956இல் பம்பாய் வந்து திரைப்படப் பிரிவிற் கேலிச்சித்திரப் படக்குழுவொன்றைப் பயிற்றியபோது அதிற் கற்றவர் அவர். சாதகக் கதையொன்றை அடிப்படையாகக் கொண்ட 'ஆலமரத்து மான்' (1957) அக்குழுவின் தொடக்ககாலப் படம். டிஸ்னி மரபில் கோடு என்பது மானையோ முயலையோ நடமாடச் செய்வதற்கான ஊழியன். 'சிசிஜி'யில் அதே கை வரைந்த கோடு எவருக்கும் ஊழியஞ் செய்யவில்லை. கோடு வளர்வதற்கு எடுக்கும் காலமே படத்தின் பொருள். இது ஓவியனுக்கு மாத்திரம் தோன்றக்கூடிய எண்ணம். ஆனால் ஓவியத்தினாற் செய்ய முடியாத காரியம். இந்த அளவில் அப்பரீட்சார்த்தத்துக்குப் பெறுபேறு உண்டு. ஆயினும் நெடுநேரம் அதனைப் பார்த்திருக்க மிகுந்த பொறுமை வேண்டும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அவரது மற்றைய படமான 'ஈவென்ற்ஸ் இன் எ கிளவுட் சேம்பர்' (1969) இன்று இல்லை. தம் நிலக்காட்சி ஓவியமொன்றை ஒளியாகப் பிரித்து, திரையில் மீண்டும் சேர்த்த சிறிய வண்ணப்படம் அது. கீதா சாராபாயின் மின்னொலி இசை அதற்கு அமைந்தது. இருந்தது ஒரே பிரதி. கண்காட்சியொன்றுக்காக டில்லிக்கு அனுப்பப்பட்ட அப்பிரதி திரும்பி வரவில்லை. 2016இல் நெறியாளர் அஷிம் அலுவாலியா, முதுமையடைந்திருந்த பதம்சியின் நினைவிலிருந்து அதனை மீள ஆக்க முனைந்து, அம்முயற்சியையே படமாக்கினார். பதம்சி 2020இல் மறைந்தார். பிரசார நிறுவனத்தின் படங்களுக்குப் பிரதிகள் எண்ணற்றவை. அவற்றுள் எதுவும் இவ்வாறு ஒற்றைப் பொதியோடு அழிந்துபோகும் நிலையில் இருக்கவில்லை. சுதந்திரத்துக்குக் கலைஞர் செலுத்திய விலை இதுவெனக் கொள்ளலாம்.

அப்பட்டறையில் உண்மையிலேயே இளையவராய் இருந்தவர் நளினி மலானி. கராச்சியில் 1946இற் பிறந்து, பிரிவினையின்போது குடும்பத்தோடு இடம்பெயர்ந்தவர், ஜே. ஜே. கலைக்கல்லூரியில் ஓவியம் பயின்று 1969இல் வெளியேறியவர். திரைக்கருவியை முன்னர் கையாண்டிராத அவர், அந்த ஓராண்டிலேயே பல சிறு படங்களை ஆக்கினார். 'ஸ்ரில் லைப்' ஓர் அறையிற் கிடக்கும் அன்றாடப் பொருள்களின் மீது கருவியை நகர்த்துகின்றது. ஆளில்லாத அறையில் ஆளின் இருப்பு உணரப்படுகின்றது. 'ஓனனிசம்' என்ற படத்திற் கட்டிலிற் கிடக்கும் ஓர் இளம்பெண்ணின் உடல் தன் தவிப்பை வெளியிடுகின்றது. பெண்ணுடலை ஆணின் கண்ணுக்கு விருந்தாக்கும் சினிமா வளர்ந்த நகரில், அவ்விருந்தை மறுத்துப் பெண்ணுடலின் அந்தரங்கத் துயரைப் பெண்ணே படமாக்கியது 1969இல் எளிய காரியமன்று. பின்னர் 1973இல் எடுத்த 'டபூ' ராஜஸ்தானத்து நெசவாளரிடையே பெண்கள் தறியைத் தொடலாகாது என்ற விலக்கினைப் பற்றியது. ஹுசைன் கண்ட அதே ராஜஸ்தானத்தில் மலானி கண்டது இது.

எனினும் இப்பத்தாண்டின் சிகரம் என நான் கருதுவது அவரது 'உடோபியா' ஆகும். இதன் வரலாறு தனியே கூறத்தக்கது. 1969இல் 'டிரீம் ஹவுசஸ்' என்றொரு 8 மில்லிமீற்றர் படத்தை அவர் ஆக்கினார். கடதாசி அட்டையாற் செய்த கட்டட மாதிரிகளை வண்ண ஒளியில் வைத்து, ஒவ்வொரு சட்டகமாகப் பதிந்து அசைவூட்டிய சித்திரப்படம் அது. நீலமும் சிவப்பும் மஞ்சளுமான வடிவங்கள் கனவுபோல எழுந்து, கலந்து, மிதக்கின்றன. வெறும் வண்ண விளையாட்டு என இதை எண்ணுதல் தவறு. 1960களின் நடுப்பகுதியிற் கட்டடக்கலைஞர் சாள்ஸ் கொறியா, பிரவீணா மேத்தா, சிரிஷ் பட்டேல் ஆகியோர் துறைமுகத்துக்கு அப்பால் புதிய பம்பாய் ஒன்றை நிறுவும் திட்டத்தை முன்வைத்திருந்தனர். ஏழைக்கும் வெளிச்சமும் காற்றும் உள்ள வீடு கிட்டும் என்ற நம்பிக்கை அன்று கற்றறிந்த இளைஞரிடையே நிலவியது. நேரு யுகத்தின் கடைசி நம்பிக்கை என அதனைக் கூறலாம். 'டிரீம் ஹவுசஸ்' அந்நம்பிக்கையின் படம்.

ஏழாண்டுகள் கழிந்தன. 1976இல், அவசரநிலையின் நடுவில், மலானி இன்னொரு படத்தை எடுத்தார். 16 மில்லிமீற்றரில், கறுப்பு வெள்ளையில். உயர்ந்த கட்டடமொன்றிலிருந்து ஓர் இளம்பெண் வெளியே நோக்குகின்றாள். அவள் உருவத்தின் மேலேயே நகரத்தின் குடிசைப்பரப்பு படிகின்றது. அவ்வளவுதான். இதனைப் பழைய வண்ணப்படத்துக்கு அருகில் வைத்து, இரு படமெறி கருவிகளால் இரு திரைகளில் ஒரே வேளையில் ஓடவிட்டார். அந்த இரட்டைப்படமே 'உடோபியா'. நான்கு நிமிடங்களுக்கும் குறைவானது.

இங்கு உருவம் உள்ளடக்கம் என்னும் நமது பழைய வழக்கைத் தொடர இடமில்லாது போகின்றது. இரு திரைகள் என்னும் உத்தியை நீக்கினால் எஞ்சுவது ஒரு நம்பிக்கைப் படமும் ஒரு நிராசைப் படமுமே. தனித்தனியே நோக்கின் இரண்டும் சாதாரணமானவை. ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டினால், முன்னர் நம்பினோம், பின்னர் ஏமாந்தோம் என்ற கதையாகிவிடும். அருகருகே ஓடும்போது மாத்திரமே, கனவு முடிந்துபோகாமல் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதையும் குடிசைகளும் அதே வேளையில் அங்கே இருப்பதையும் பார்வையாளர் தம் கண்ணை இடமும் வலமும் திருப்பித் தாமே அறிகின்றார். அறுபதுகளில் மேல்நாட்டு ஓவியர் பலர் பல திரைகளைக் கையாண்டனர். அவற்றுட் பல கண்ணை நிறைப்பதற்கே. மலானி கண்ணைப் பிளப்பதற்குக் கையாண்டார். அசைவூட்டமும் இங்கு அலங்காரமன்று. அசைவூட்டப்பட்ட வீடு யாரும் கட்டாத வீடு. அதிற் குடிபுக முடியாது. சட்டகம் சட்டகமாகக் கையால் நகர்த்தியே அது எழவேண்டும். எதிர்த்திரையில் நிழற்படமாக விரியும் குடிசைகளை எவரும் நகர்த்த வேண்டியதில்லை. அவை தாமாகவே அங்கே இருக்கின்றன. இரு திரைப்பட முறைகளுக்கிடையேயுள்ள வேறுபாடே ஒரு சமூக விமர்சனமாவதை இதனைவிடச் சிக்கனமாகச் செய்த இன்னொரு குறும்படத்தை அக்கால இந்தியாவிற் காட்டுதல் அரிது.

இதில் ஒரு குறையைச் சுட்டாதிருக்க முடியாது. நோக்குபவள் மேலே நிற்கின்றாள். நோக்கப்படுவோர் கீழே கிடக்கின்றனர். குடிசையிலிருந்து மாடியை நோக்கும் கண் இப்படத்தில் இல்லை. மத்தியதர வர்க்கத்துக் கலைஞரின் குற்றவுணர்வு என்று இதனைச் சுருக்கி ஒதுக்குவோரும் இருக்கலாம். ஆனால் மலானி அப்பெண்ணின் உருவத்தையும் திரையில் வைத்ததன் மூலம், பார்க்கும் இடம் எதுவென்பதை மறைக்காது காட்டுகின்றார். ஹுசைனின் கண் தான் நிற்கும் இடத்தைக் காட்டவில்லை. 'எக்ஸ்புளோர'ரின் கண்ணும் அவ்வாறே. இந்த நேர்மை சிறிதன்று.

ஆயின் பார்த்தவர் யார்? மலானியின் அக்காலப் படங்கள் நெடுங்காலம் பொதுமக்கள் முன் வரவே இல்லை. தாமாகவே ஒரு பரிகாசம் இங்கு அமைந்துவிடுகின்றது: வீடற்றோர் உட்பட நாட்டு மக்கள் அனைவரும் பார்க்கக்கூடிய படமாளிகைகளில் அணைக்கட்டுகளைப் பற்றிய உரை ஓடிக்கொண்டிருந்தது, வீடின்மையைப் பற்றிய படமோ நண்பர் சிலரின் அறைக்குள் ஓடியது. பதியும் மேத்தாவும் சில நிமிடங்களாயினும் அந்தப் பெருந்திரையைக் கைப்பற்றினர் என்பதை இந்த நோக்கில் மீண்டும் மதிக்க வேண்டியுள்ளது. மறுபுறத்தில், மலானியின் இரு கருவிகளையும் இரு திரைகளையும் எந்தப் படமாளிகையும் ஏற்றிராது. எந்த அமைச்சும் 1976இல் அதனை அங்கீகரித்திராது. ஒருவருக்குக் கிடைத்தது மற்றவருக்குக் கிடைத்திருக்க வழியில்லை.

திரைப்படப் பிரிவு 2022இல் தேசியத் திரைப்பட அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்துடன் இணைக்கப்பட்டதோடு தனி நிறுவனமாக இல்லாது போயிற்று; அதன் பழைய படங்களை இன்று ஆய்வாளரும் திரைப்படக் கழகத்தாருமே பெரும்பாலும் தேடிப் பார்க்கின்றனர். 'உடோபியா' உலகின் பெரிய கலைக்கூடங்களுக்குச் சென்றுள்ளது; 2017இல் பாரிஸ் பொம்பிடு நிலையம் மலானியின் படைப்புகளுக்கெனத் தனிக் கண்காட்சியொன்றை நடத்தியது. இருண்ட, குளிரூட்டிய அறையில் இரு திரைகளும் அருகருகே ஒளிர்கின்றன. வருவோர் நான்கு நிமிடம் நின்று பார்த்துவிட்டு அடுத்த அறைக்குச் செல்கின்றனர்.